திரும்பிப் பார்க்க விடாத கேமரா

1896-ஆம் ஆண்டு பிரான்ஸில் ஜார்ஜ் மெலியஸ் சுமார் மூன்று நிமிடம் ஓடும் படம் ஒன்றை எடுத்தார். பழங்கோட்டை ஒன்றுக்குள் வௌவால் பறந்து வருகிறது, சட்டென்று சாத்தானாக மாறுகிறது. கொப்பரையிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள். எலும்புக்கூடு தோன்றி மறைகிறது. ‘சாத்தானின் மாளிகை’ என்ற அந்தப் படத்தைத்தான் உலகின் முதல் பேய்ப் படம் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு 117 ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஸ்வீடனில் டேவிட் சாண்ட்பெர்க் தன் மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்கவைத்து, தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே ‘லைட்ஸ் அவுட்’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதுவும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் இருப்பது ஒரு பெண், ஒரு நடைவழி, ஒரு சுவிட்ச், இருட்டில் மட்டும் தெரியும் ஓர் உருவம். அவ்வளவுதான். மெலியஸின் படத்தை இன்று குழந்தைகளும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். சாண்ட்பெர்கின் படத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கையறை விளக்கை அணைக்கப் பெரியவர்களே தயங்குவார்கள். ஹாலிவுட் அவரையே அழைத்து, 2016-ல் அதை முழுநீளப் படமாக எடுக்கவைத்தது.

இரண்டு படத்துக்கும் நடுவே என்ன மாறிவிட்டது? பேய் மாறவில்லை. கேமரா மாறியிருக்கிறது.

மெலியஸின் கேமரா, நாடகக் கொட்டகையில் நடுவரிசைப் பார்வையாளர் உட்காரும் இடத்தில் நிற்கிறது. அசைவதில்லை, நெருங்குவதில்லை. மேடையின் இடமூலை முதல் வலமூலை வரை எல்லாமே எப்போதும் கண்ணுக்கு எதிரில் இருக்கிறது. சாத்தான் எங்கே நிற்கிறான் என்பது நமக்குத் தெரியும், வேண்டிய பக்கம் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் கையில் இருக்கும்வரை பயம் அண்டாது. சாண்ட்பெர்க் முதலில் பறித்துக்கொண்டது அதைத்தான். வைட் ஷாட், க்ளோஸ்-அப், ட்ராலி, ஜூம் என்று பேய்க் குறும்படத்தின் கேமரா உத்திகள் பலவாகத் தெரிந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் நடக்கும் வேலை ஒன்றுதான்: பார்க்கிறவரின் கழுத்தைக் கேமரா தன் வசம் எடுத்துக்கொள்கிறது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தால் நாம் யோசிப்பதற்கு முன்பே தலை திரும்பிவிடுகிறது. ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களிடம் இதைக் கவனித்து, ‘அது என்ன?’ என்று கேட்கும் அனிச்சைச் செயல் என்றே அதைக் குறிப்பிட்டார். நடுமூளையின் கூரையில் சிறு மேடுகள் இருக்கின்றன. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் வரும் செய்திகள் அங்கே ஒன்றுசேர்ந்து, கண்ணையும் கழுத்தையும் திருப்பும் ஆணையாகப் புறப்படுகின்றன. திரும்பிப் பார்த்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். பூனையாக இருந்தால் மனம் அடங்கும், ஆபத்தாக இருந்தால் ஓடுவோம். எப்படியானாலும் சந்தேகம் தீர்ந்துவிடும். திரைக்கு முன்னால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. நாம் தலையைத் திருப்பினால் தெரிவது பக்கத்து இருக்கைதான். படத்தில் இருக்கும் அறையின் மறுபக்கம் தெரிய வேண்டுமென்றால் கேமரா திரும்ப வேண்டும், அது இயக்குநர் நினைத்தால்தான் நடக்கும். உடல் கேள்வி கேட்டுவிட்டது, பதில் வரவில்லை. அந்த இடைவெளியை எவ்வளவு நேரம் இழுப்பது, எப்படி முடிப்பது என்பதுதான் பேய்ப் படத்தின் ஷாட் கணக்கு.

‘லைட்ஸ் அவுட்’ இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இதைவிடச் சுத்தமான பாடம் கிடைப்பது அரிது. தூங்கப் போகும் பெண் நடைவழி விளக்கை அணைக்கிறாள். மறுகோடியில் ஓர் உருவம் கரிய நிழலாக நிற்கிறது. விளக்கைப் போடுகிறாள், யாருமில்லை. அணைக்கிறாள், நிற்கிறது. போடுகிறாள், இல்லை. நடைவழியின் ஷாட், அவள் முகம், மறுபடி அதே நடைவழி. கேமரா ஆடவில்லை, கோணம் மாறவில்லை. இந்த அசைவின்மையைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஃப்ரேமைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அந்தச் சுவர், கதவு, அதன் நீளம் எல்லாம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. மூளை எப்போதும் அடுத்து வரப்போவதைக் கணித்தபடியே இருக்கும் உறுப்பு. பழகிய ஃப்ரேமில் மாறக்கூடியது ஒன்றே ஒன்று என்று அதற்குத் தெரிந்ததும், கவனம் முழுவதும் அந்த ஒன்றின் மேல் குவிகிறது. பிறகு ஒருமுறை விளக்கு அணையும்போது, தூரத்தில் நின்றது அவளுக்கு நேர் எதிரே நிற்கிறது. நடந்து வந்ததை நாம் பார்க்கவே இல்லை. நடுவே இருந்த அத்தனை அடிகளையும் வெளிச்சம் விழுங்கிவிட்டது.

வெளிச்சம் நம்மைக் காக்க வேண்டியது. இந்தப் படத்தில் அது ஆபத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது, இருட்டுதான் உண்மையைக் காட்டுகிறது. எந்த மனிதருக்கும் இது அடிவயிற்றைப் பிசையும் ஏற்பாடு. 1997-ல் கிறிஸ்டியான் கிரியோன் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். திடீர் ஒலிக்கு மனிதர்கள் எவ்வளவு பலமாகத் திடுக்கிடுகிறார்கள் என்பதை, கண்ணிமைத் தசையின் துடிப்பை வைத்து வெளிச்சத்திலும் இருட்டிலும் அளந்தார்கள். இருட்டில் திடுக்கிடல் கூடியது. அதே காலத்தில் எலிகளை வைத்து நடந்த சோதனையில் பிரகாசமான வெளிச்சத்தில்தான் திடுக்கிடல் கூடியது. எலி இரவில் உலவும் பிராணி, வெளிச்சத்தில் அது பிறர் கண்ணுக்கு இரை. நாம் பகலில் வாழப் பழகியவர்கள். திரையை இருட்டாக்கும் ஒவ்வோர் இயக்குநரும், தெரிந்தோ தெரியாமலோ, நம் உடலின் திடுக்கிடும் விசையைக் கொஞ்சம் முறுக்கி வைக்கிறார்.

அந்த விசை தெறிக்கும் வேகத்தைச் சொன்னால் படத்தொகுப்பாளர்களுக்குச் சுவையாக இருக்கும். பலத்த ஒலி காதில் விழுந்ததும், மூளைத் தண்டில் மிகச் சில நரம்பணுக்களைத் தாண்டி, தசைக்கு ஆணை போய்விடுகிறது. ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி விநாடிக்குள் இமை மூடத் தொடங்கும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேமின் ஆயுள் 42 மில்லி விநாடி. பார்த்தது ஒரு முகம் என்று மூளை தெளிவதற்கான மின்குறி, பார்த்து ஏறக்குறைய 170 மில்லி விநாடி கழித்துத்தான் எழுகிறது, அதாவது நான்கு ஃப்ரேம் தாண்டி. கட் விழுந்து, பேய் முகமும் ஒலியும் ஒன்றாக வந்தால், முதல் ஃப்ரேமில் உடல் குதிக்கிறது, ஐந்தாவது ஃப்ரேமில்தான் எதைப் பார்த்துக் குதித்தோம் என்று தெரிகிறது. இதனால்தான் திடுக்கிடவைப்பது எளிது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், வெறும் பலூனை உடைத்தும் செய்யலாம். யூடியூபில் கொட்டிக் கிடக்கும் குறும்படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விசையை மட்டும் நம்பி எடுக்கப்பட்டவை. அடுத்த நாள் அவற்றில் ஒன்றும் நினைவில் தங்குவதில்லை.

தங்குவது வேறு வகைப் பயம். ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் ஆய்வாளர்கள் ‘இன்சிடியஸ்’, ‘தி கான்ஜுரிங் 2’ என்ற இரு பேய்ப் படங்களை, மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டி, அதன் முடிவை 2020-ல் வெளியிட்டார்கள். பதற்றம் மெல்ல மெல்ல ஏறும் பகுதிகளில் பார்ப்பதற்கும் கேட்பதற்குமான மூளைப் பகுதிகள் கூர்மையடைந்தன. திடீரென்று அதிரவைக்கும் கணங்களில் மூளைத் தண்டு, தலாமஸ், பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற ஆழ்பகுதிகள் எழுந்தன. முதல் வகையில் உடல் துழாவிக்கொண்டிருக்கிறது: எங்கே, எந்தப் பக்கம், எப்போது? அந்தத் துழாவலுக்குத் தீனி போடுவது ஷாட்களின் வேலை.

முதலில் வைட் ஷாட். பெரிய அறை, ஒரு மூலையில் சிறியதாக ஒரு ஆள், மீதி எல்லாம் காலி. சாதாரணப் படத்தில் அந்தக் காலி இடத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். பேய்ப் படம் என்று தெரிந்து உட்கார்ந்தவருக்கு அது காலி இல்லை, இன்னும் நிரப்பப்படாத இடம். நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பது இரண்டு பாகை அளவுள்ள சிறு வட்டத்தை மட்டும்தான், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. மற்றதெல்லாம் மங்கல். விழித்திரையின் அந்த மங்கலான பகுதி வடிவங்களை அடையாளம் காணாது, அசைவையும் மங்கிய ஒளியையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே நாம் கதாநாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னணிக் கதவருகே, ஃபோகஸ் இல்லாமல், ஏதோ ஒன்று அரை அடி நகர்ந்தால், என்ன என்று தெரியாது, நகர்ந்தது மட்டும் தெரியும். பாவ்லோவின் கேள்வி எழுந்துவிடும். நல்ல இயக்குநர் அந்த இடத்தில் இசையைத் தட்டமாட்டார், ஃபோகஸை மாற்றவும் மாட்டார். பார்த்தோமா, பிரமையா என்று நம்மையே சந்தேகப்படவிட்டு, அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவார்.

ஜப்பானில் தகாஷி ஷிமிசு 1998-ல் ஒரு தொலைக்காட்சித் தொகுப்புக்காக, தலா மூன்று நிமிட அளவில் இரண்டு குறும்படங்களை எடுத்தார். ‘ஜு-ஆன்’ பேய்ப் படத் தொடர் முழுவதற்கும் விதை அவைதான். அவற்றில் ஒன்றில், அநாதையாகக் கிடந்து ஒலிக்கும் கைபேசியை ஒரு மாணவன் எடுக்கிறான். மறுமுனையில் பூனை கத்துவது போன்ற சத்தம். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வந்ததும் திரும்புகிறான், பக்கத்திலேயே வெளிறிய சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். பேய் எங்கிருந்தும் பாய்ந்து வரவில்லை. கேமரா காட்டாமல் விட்ட இடத்தில் இருந்தது, அவ்வளவே.

காட்டாமல் விடுவதில் க்ளோஸ்-அப்பை மிஞ்சிய கருவி இல்லை. க்ளோஸ்-அப் என்றால் உணர்ச்சியைக் காட்டுவதற்கு என்று படித்திருப்போம். பேய்ப் படத்தில் அதற்கு இரண்டாவது வேலை உண்டு, அதுதான் முக்கியமான வேலையும். முகம் ஃப்ரேமை நிறைத்துவிட்டால் அறை போய்விடுகிறது. அவள் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எதுவும் தெரியாது. அவள் கண் மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே எதையோ பார்த்து விரிகிறது. பிறர் பார்க்கும் திசையில் தானும் பார்ப்பது கைக்குழந்தைப் பருவத்திலேயே மனிதருக்கு வந்துவிடும் பழக்கம். அவள் பார்ப்பதை நாமும் பார்த்தாக வேண்டும் என்று உடல் துடிக்கும், கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, மூன்று. ‘லைட்ஸ் அவுட்’டின் கடைசிப் பகுதியில், கட்டிலில் போர்வைக்குள் ஒடுங்கியவளோடு கேமராவும் ஒடுங்கிக்கொள்கிறது. படத்தின் தொடக்கத்தில் நீண்ட நடைவழி இருந்தது. முடிவில் ஒரு கட்டிலும் மேசை விளக்கும்தான் மிச்சம். வீடு சுருங்கிக்கொண்டே வந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நெருக்கம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது? மனிதர் ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றி ஒரு தூரத்தை வைத்துக்கொள்கிறார், அந்நியர் அதற்குள் வந்தால் சங்கடப்படுகிறார். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1960-களில் இதை விரிவாக எழுதினார். அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுலகில் அறியப்படும் ஒரு பெண் இருக்கிறார். அரிய மரபணு நோயால் அவருடைய மூளையின் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. 2009-ல் வெளியான ஆய்வில், பிறர் எவ்வளவு அருகில் வந்தால் சங்கடமாக இருக்கும் என்று அவரிடம் சோதித்தார்கள். மற்றவர்கள் நிறுத்தச் சொன்ன தூரத்தில் ஏறக்குறைய பாதியில்தான் அவர் நின்றார், மூக்கோடு மூக்கு உரசும் அளவில் ஒருவர் நின்றபோதும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதே பெண்ணுக்கு ‘தி ஷைனிங்’ உள்ளிட்ட பேய்ப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆர்வமாகப் பார்த்தார், பயப்படவில்லை. அந்த முடிவு 2011-ல் வெளியானது. நெருக்கத்தின் சங்கடமும் பேய்ப் படத்தின் பயமும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணாமல் போயிருக்கின்றன. பேயின் முகத்தை டைட் க்ளோஸ்-அப்பில் வைக்கும் கேமரா, நிஜத்தில் நாம் யாரையும் அனுமதிக்காத தூரத்துக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாமோ பின்னால் ஓரடி எடுத்துவைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி அசைவு. 1962-ல் ஷிஃப், கேவினஸ், கிப்சன் என்ற மூவர் குரங்குகளை ஒரு திரைக்கு முன் வைத்து, திரையில் வெறும் நிழல் வட்டம் ஒன்றை வேகமாகப் பெரிதாக்கினார்கள். குரங்குகள் பின்வாங்கிப் பாய்ந்தன. அதே நிழலைச் சிறிதாக்கியபோது அவற்றுக்குப் பயமில்லை. 2013-ல் எலிகளின் தலைக்கு மேல் விரியும் கரிய வட்டத்தைக் காட்டியபோது, அவை உறைந்து நின்றன அல்லது ஓடி ஒளிந்தன. பார்வையில் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அது நம்மை நோக்கி வருகிறது என்று பொருள், அந்தக் கணக்கைப் போட மூளைக்கு அது என்ன பொருள் என்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. ட்ராலியில் கேமராவை மெல்ல முன்னால் தள்ளும்போது நடப்பது இதுதான். மூடிய கதவு ஒன்று ஃப்ரேமில் வளர்ந்துகொண்டே போகிறது. நாம் கதவை நோக்கிப் போகிறோமா, கதவு நம்மை நோக்கி வருகிறதா என்பது உடலுக்கு ஒன்றுதான். போக விருப்பமில்லாத இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறார்கள்.

ஜூமிலும் கதவு பெரிதாகும், ஆனால் அது வேறு சங்கதி. ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்குவது. அருகில் உள்ள தூணும் தூரத்துக் கதவும் ஒரே விகிதத்தில் வளரும். கேமரா நிஜமாக நகரும்போது அருகில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் விலகும். நாம் நடக்கும்போது கண்ணுக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வகை. இத்தாலியின் பார்மா நகரில் விட்டோரியோ கல்லேசேயும் குழுவினரும் ஒரு மனிதரின் செயலை நிலையான கேமரா, ஜூம், ட்ராலி, ஸ்டெடிகேம் என்று நான்கு விதமாக எடுத்து, பார்ப்பவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, உடலசைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஸ்டெடிகேமுக்குத்தான் மிக வலுவாக எதிர்வினை காட்டியது. ஆள் நடந்து எடுத்த ஷாட்டைப் பார்க்கும்போது, உட்கார்ந்திருப்பவரின் மூளையும் நடைக்குத் தயாராகிறது.

ஸ்டெடிகேம் 1970-களில் காரெட் பிரவுன் கண்டுபிடித்த கருவி. ஒரு கம்பத்தின் மேல்முனையில் கேமரா, கீழ்முனையில் எடைக்கு மின்கலனும் திரையும், எடை சமனாகும் இடத்துக்கு அருகே எல்லாப் பக்கமும் சுழலும் பிடி. எடையை இப்படி இரு முனைகளுக்குப் பிரித்து வைத்தால் கம்பம் எளிதில் சாயாது, திரும்பாது. ஸ்பிரிங் வைத்த கை ஒன்று நடையின் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. கால் நடக்கும், கேமரா மிதக்கும். 1980-ல் ‘தி ஷைனிங்’ படத்தில் ஹோட்டல் நடைவழிகளில் மூன்றுசக்கர வண்டி ஓட்டும் சிறுவனின் பின்னால் தரையோடு தரையாக அது போனது. மனிதர் தோளில் வைத்து எடுத்தால் வரும் குலுக்கல் இல்லை, தண்டவாளத்தின் நேர்க்கோடும் இல்லை. மனிதரல்லாத ஏதோ பின்தொடர்கிறது என்ற எண்ணம் அந்த இரண்டும் இல்லாததால் வருகிறது.

இந்த மிதக்கும் அசைவைக் குறும்படத்துக்குள் மிக நேர்த்தியாகக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் முஸ்கியெட்டி. அவருடைய ‘மாமா’ (ஸ்பானிய மொழியில் ‘அம்மா’) 2008-ல் ஸ்பெயினில் எடுக்கப்பட்ட மூன்று நிமிடப் படம். அதில் ‘அம்மா’ வந்திருக்கிறாள் என்று சொல்லித் தங்கை அக்காவை எழுப்புகிறாள், இருவரும் கீழே இறங்கிப் போகிறார்கள், அங்கே நிற்பதைப் பார்த்து ஓடுகிறார்கள். முழுப் படமும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாகத் தெரியும். ‘லைட்ஸ் அவுட்’ கட்டுக்குக் கட்டு பயத்தை ஏற்றுகிறது, ‘மாமா’வோ கட் என்ற வசதியையே மறுக்கிறது. கட் விழும்போதெல்லாம் நாம் அறியாமல் ஒரு மூச்சு விடுகிறோம், இடம் மாறிவிட்டது என்ற ஆறுதல் கிடைக்கிறது. ஒரே ஷாட்டில் அது இல்லை. குழந்தைகளோடு மாடிப்படி இறங்கிய அதே கேமராதான் அவர்களோடு திரும்பி ஓட வேண்டும், அந்த நேரம் முழுவதும் பின்னால் வருவது ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுகிறது. எவ்வளவு அருகில் வந்துவிட்டது? பார்க்க வேண்டுமென்றால் கேமரா ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப வேண்டும். திரும்பவும் பயம், திரும்பாமல் இருக்கவும் பயம். இந்த இக்கட்டை இவ்வளவு துல்லியமாக அமைத்த மூன்று நிமிடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கியெர்மோ டெல் டோரோ அதைப் பார்த்து வியந்து, 2013-ல் வந்த முழுநீளப் படத்தைத் தயாரித்ததில் வியப்பில்லை.

கேமராவே பேயாகிவிட்டால்? அமெரிக்காவின் மிச்சிகனில் சாம் ரெய்மி 1978-ல் தன் நண்பர்களோடு ‘விதின் தி வுட்ஸ்’ என்ற அரைமணி நேரப் படத்தை எட்டு மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார். செலவு சுமார் 1,600 டாலர். முதலீட்டாளர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்தது அது, அதைக் காட்டித் திரட்டிய பணத்தில்தான் 1981-ல் ‘தி ஈவில் டெட்’ உருவானது. காட்டுக்குள் இருக்கும் தீயசக்திக்கு உருவம் கொடுக்கப் பணமில்லை, ஸ்டெடிகேமுக்கும் பணமில்லை. ஆகவே அந்தச் சக்தியை அவர் காட்டவே இல்லை, அதன் கண்ணாகக் கேமராவை ஓடவிட்டார். ‘தி ஈவில் டெட்’டில் நீண்ட மரப்பலகை ஒன்றின் நடுவே கேமராவைப் பொருத்தி, பல்லக்குத் தூக்குவதுபோல் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காட்டுக்குள் ஓடினார்கள். இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒருவர் கால் குழியில் விழுந்து ஒரு முனை ஓரடி இறங்கினால், நடுவில் இருக்கும் கேமரா அரை அடிதான் இறங்கும். பலகை நீளமாக இருப்பதால் அது சட்டென்று சுழலவும் செய்யாது. வைட் ஆங்கிள் லென்ஸ் மீதிக் குலுக்கலைச் சிறிதாக்கிக் காட்டும், அருகில் இருக்கும் கிளைகளையும் புதர்களையும் பாய்ந்து வருவதுபோல் காட்டும். கிடைத்தது தரையை ஒட்டிச் சீறிப் பாயும் ஒரு பார்வை. பார்வையாளரின் கழுத்தைப் பேயின் தோளில் பொருத்திவிட்டார் ரெய்மி. இரையாகப் போகிறவரை, வேட்டையாடும் கண் வழியாகப் பார்க்கவைக்கும் இந்த ஷாட்டில் ஒரு தர்மசங்கடம் உண்டு. எச்சரிக்க நினைக்கும் நாமே அவர்களை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

அசைவையும் ஜூமையும் ஒன்றுசேர்த்து, ட்ராலியை முன்னால் தள்ளிக்கொண்டே ஜூமைப் பின்னால் இழுக்கும் ஷாட் ஒன்றும் உண்டு. 1958-ல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்காக இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர் உருவாக்கியது. முன்னால் இருப்பவர் அதே அளவில் இருக்க, பின்னணி மட்டும் விரிந்து விலகும். ஒரு நல்ல கணத்துக்கு ஒருமுறை பயன்படுத்த வேண்டிய ஷாட், இன்று கைக்கு வந்தபடி எல்லாம் பயன்பட்டுத் தேய்ந்துவிட்டது.

ஹிட்ச்காக் பெயர் வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமரா நம் கழுத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை ஒருவகையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஊரி ஹாசன் என்ற நரம்பியலாளரும் குழுவினரும் பலருக்கு ஒரே படத்தைக் காட்டி, அவர்கள் மூளையின் செயல்பாடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து, 2008-ல் எழுதினார்கள். பூங்கா ஒன்றில் கேமராவைச் சும்மா வைத்து எடுத்த, எந்த ஷாட் பிரிப்பும் இல்லாத காட்சியைப் பார்த்தபோது, மூளைப் புறணியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதிதான் பார்வையாளர்களிடையே ஒத்து இயங்கியது. ஹிட்ச்காக் 1961-ல் தொலைக்காட்சிக்காக இயக்கிய, நிஜத் துப்பாக்கியோடு சுற்றும் சிறுவனைப் பற்றிய குறும்படத்துக்கு அது 65 விழுக்காட்டைத் தாண்டியது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள், கேட்டார்கள், காத்திருந்தார்கள். மெலியஸின் மேடைக்கும் சாண்ட்பெர்கின் நடைவழிக்கும் உள்ள தூரத்தை இந்த இரு எண்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம்.

குறும்படத்துக்குக் கேமராவின் இந்தப் பிடி ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், அங்கே பாத்திரத்தை நேசிக்கவைக்க நேரமில்லை. முழுநீளப் படம் ஒரு மணி நேரம் குடும்பத்தோடு நம்மைப் பழகவிட்டு, பிறகு அதன் மேல் பேயை ஏவலாம். மூன்று நிமிடத்தில் அந்தப் பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவளுக்காகப் பயப்படுவதைவிட அவளுடைய இடத்தில் நின்று பயப்படுகிறோம், அந்த இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது கேமரா மட்டுமே. குறும்படங்களிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் ‘பீட்ஸா’ எடுத்தபோது இந்தப் பாடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார் என்றே நினைக்கிறேன். மின்சாரம் போன பங்களாவில் விஜய் சேதுபதியின் கையில் ஒரு டார்ச் மட்டும். ஃப்ரேமுக்குள் இன்னொரு சிறிய ஃப்ரேம் அது. ஒளி வட்டம் ஒரு பக்கம் போனால் மற்ற எல்லாப் பக்கமும் இருட்டில் மூழ்கும். டார்ச்சை எங்கே திருப்புவது என்பதையும் நாம் தீர்மானிக்க முடியாது.

கழுத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது சோதனை நடக்கிறது. தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியில் 360 பாகையும் படம் ஓடும், பார்ப்பவர் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஃப்ரேம் இல்லை, க்ளோஸ்-அப் இல்லை, மறைத்துவைக்க ஓரம் இல்லை. கை ஷெல்மர்டீன் 2015-ல் இயக்கிய ‘கேட்டடோனிக்’ என்ற மெய்நிகர்க் குறும்படம் இதற்குக் கண்டுபிடித்த வழி கவனிக்கத்தக்கது. பார்வையாளரை ஒரு மனநலக் காப்பகத்தின் நோயாளியாக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தாழ்வாரங்கள் வழியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். தலையைத் திருப்பிக்கொள்ளலாம், எழுந்து போக முடியாது. வேகமும் திசையும் பின்னால் தள்ளுகிறவரின் கையில். திரும்பிப் பார்க்கும் உரிமையைத் தந்தவர்கள், திரும்பவைப்பதற்கான பழைய மேடை உத்திகளை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள்: இடப்பக்கம் ஒரு விளக்கு மினுக்கினால் கண் அங்கே போகும், வலக்காதுக்குப் பின்னால் ஒரு காலடி கேட்டால் தலை அங்கே திரும்பும். எதை எந்த நொடியில் வைத்தால் பார்வையாளர் தானாகவே சரியான பக்கம் திரும்பியிருப்பார் என்பதை 360 பாகைப் படம் எடுக்கிறவர்கள் இப்போது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கற்றுவருகிறார்கள்.